நாலு குளிர்காலம் படுத்த ஸ்லீப்பிங் பேக்கும் அதன் ஜிப்பும்

போடியில் இருக்கும் மச்சான் போன வாரம் கூப்பிட்டார். "மாப்ளே, நீங்க வச்சிருக்கிற அதே ஸ்லீப்பிங் பேக்குக்கு விலை குறைச்சிருக்கான், வாங்கவா?" போனில் பேசினால் கோபத்தில் பாதியை விட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நான் இதைச் சுற்றுலாவுக்கு வாங்கவில்லை. மூணாறு பக்கம் கோவிலூரில் எங்கள் தோட்டத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும் நிற்கிற மாதங்களில் ராக்காவல் இருக்கிறது, காவல் குடிசையில் நாலு குளிர்காலமாக இதற்குள்தான் தூக்கம். டிசம்பர், ஜனவரியில் மேகமே இல்லாத ராத்திரிதான் மோசமானது. தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும், குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடியும்போது ஓடையோரப் பாத்தி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், கொஞ்சம் மேலே இருக்கும் பாத்தியில் வெறும் ஈரம்தான். அப்பா குடிசையை நடுச்சரிவில் போட்டதன் அர்த்தம் எனக்கு இரண்டாவது வருஷம்தான் புரிந்தது.

முதல் வாரமே இந்த பேக்கைத் திட்டினேன், அது என் தப்பு. கம்ஃபர்ட் (சுகமாகத் தூங்கக்கூடிய குளிர்) 5 டிகிரி, லிமிட் (சுருண்டு சமாளித்துத் தூங்கக்கூடிய குளிர்) 0 என்று போட்டிருப்பதெல்லாம் அடியில் மேட் விரித்துச் சோதித்த கணக்கு. நான் வெறும் தார்ப்பாயில் படுத்திருந்தேன். உடம்பின் எடையில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுவதால் குளிர் தரையிலிருந்து நேராக முதுகில் ஏறுகிறது. அப்புறம் காய்ந்த புல்லை ஒரு முழத்துக்குப் பரப்பி, மேலே ஃபோம் மேட் போட்டேன். அன்றைக்குத் தூங்கிய தூக்கத்தை இன்னும் மறக்கவில்லை, மச்சான். எக்ஸ்ட்ரீம் என்று மூன்றாவதாக ஒரு எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்கவே கூடாது. அது உயிர் தப்புவதற்கான கணக்கு, தூங்குவதற்கானது இல்லை.

சூட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வாத்து இறகு பேக் என்றால் நம் ஊர் மூடுபனியில் ஈரமேறிப் படிந்துவிடும். இது பாலியஸ்டர் பஞ்சு, ஈரத்திலும் ஓரளவு சூடு நிற்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குளிருதே என்று தலையை உள்ளே இழுத்து மூச்சு விட்டால் விடியும்போது உள்ளே எல்லாம் நசநசவென்று இருக்கும். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், தலைக்குக் குல்லா போதும். காலையில் வெயிலில் உதறிப் போட வேண்டும், பையில் அமுக்கி மாதக்கணக்கில் வைக்கக் கூடாது.

இப்போது ஜிப். உள் துணி ஓரத்தில் விறைப்பான நாடா வைத்துத் தைத்திருந்தால் ஜிப் துணியைக் கவ்வாது. சில ரூபாய் செலவு, அதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பகலில் பொறுமையாக இழுத்தால் ஓடும். ஆனால் போன ஜனவரியில் ஒரு ராத்திரி காட்டுமாடு குடிசைக்கு அந்தப் பக்கம் புல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டு எழுந்தேன், விரல்கள் மரத்திருந்தன, ஜிப் முழங்கை வரை வந்து துணியைக் கவ்வி நின்றுவிட்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. கைகள் இரண்டும் உள்ளே, அந்தப் பக்கம் ஒரு டன் எடை மாடு மூச்சு விடுகிறது. அது தானாக நகர்ந்து போகும்வரை அசையாமல் கிடந்தேன். வெளியே வந்து பார்த்தபோது ஜிப்பைப் பிடித்து இழுக்கிற ரன்னர் வாய் பிளந்திருந்தது, துணி ஒரு சாண் கிழிந்திருந்தது.

மூணாறு பஜாரில் பை தைப்பவர் வேறு ரன்னர் போட்டு, உள்பக்கம் கெட்டி நாடாவும் அடித்துக் கொடுத்தார். ஜிப் பல்லில் மெழுகுவர்த்தி தேய்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கவ்வவில்லை.

அதனால் பதில்: வாங்காதீங்க மச்சான். இந்தக் காசுக்கு இதைவிடச் சூடான பேக் எனக்குத் தெரியாது, என்னுடையதை யார் கேட்டாலும் தர மாட்டேன், ஆனாலும் வேண்டாம். குளிரில் விறைத்த கையால், இருட்டில், ஒரே இழுப்பில் திறக்க முடியாத ஒன்றுக்குள் என் அக்கா வீட்டுக்காரர் படுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் பேக்கை நேராக இங்கே எடுத்து வாருங்கள், நாடா அடித்த பிறகு விரிக்கலாம்.