மலைத்தோட்ட வண்டிகளும் மின்பழுது காணும் கருவிகளும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் ஒன்றின் வண்டிகளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பழைய டீசல் ஜீப் ஒன்று, பிஎஸ்-4 (புகைக் கட்டுப்பாட்டு விதியின் நான்காம் படி) பிக்கப் ஒன்று, அதற்குப் பின் வந்த பிஎஸ்-6 கார் ஒன்று என மூன்று வண்டிகள். மின்பழுது என்றால் சேலத்திலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வர வேண்டும். அவருக்குக் கடையில் அரை நாள் வேலை கெடும், எங்களுக்கு அந்த அரை நாளின் கூலி செலவாகும், மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால் அவர் ஏறி வரவும் வழியிருக்காது, வண்டியை இறக்கவும் வழியிருக்காது. அந்த நெருக்கடியால்தான் ஆறு ஆண்டுகளாக ஒவ்வொன்றாகக் கருவிகளை வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். வோல்ட், கரண்ட், தடை ஆகியவற்றை அளக்கும் மல்டிமீட்டரும், மின்சாரம் வந்தால் எரியும் டெஸ்ட் லாம்பும் இருக்கும்போது இவற்றுக்குத் தனியாகப் பணம் போடலாமா என்று கேட்பவர்களுக்கு, மலையில் இருந்தாலோ பல வண்டிகளைப் பார்த்துக்கொண்டாலோ இரண்டு கருவிகளுக்குத் தயங்காமல் போடலாம் என்றே சொல்வேன். மற்றவற்றை அவரவர் வண்டியையும் இருப்பிடத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலாவது, பவர் புரோப் என்று கடைகளில் பொதுவாக அழைக்கப்படும் கருவி. இதன் இரண்டு கிளிப்புகளையும் பேட்டரியில் மாட்டிவிட்டு முனையை வயரில் வைத்தால் அங்குள்ள வோல்ட்டைக் காட்டும். அதிலுள்ள சுவிட்சை ஒரு பக்கம் அழுத்தினால் முனைக்குப் பாசிட்டிவ் வரும், மறுபக்கம் அழுத்தினால் எர்த் (நெகட்டிவ்) வரும். இதன் அருமையை எனக்கு உணர்த்தியது ஜீப்பின் வலப்பக்க ஹெட்லைட். பனிமூட்டம் இறங்கிய இரவுகளில் அது மங்கி எரிந்தது. பல்பைக் கழற்றிவிட்டு அதன் வயர்கள் செருகும் கப்ளரில் மல்டிமீட்டரை வைத்தால் 12.4 வோல்ட் காட்டியது. மின்சாரம் சரியாகத்தான் வருகிறது என்று நம்பி முதலில் பல்பையும், பிறகு சுவிட்சையும், அதன் பிறகு ரிலேயையும் மாற்றினேன். மங்கல் அப்படியே இருந்தது. பவர் புரோப் வந்த பிறகு, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பல்பின் எர்த் வயரில் முனையை வைத்துப் பார்த்தேன். சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சுவிட்சை அழுத்தி அங்கேயே எர்த் கொடுத்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. சேஸில் எர்த் வயரைப் பிடித்திருந்த போல்ட்டுக்கு அடியில் துரு படிந்திருந்தது.

இதில் மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விதான் தவறு. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம் அளவில் இருப்பதால், அது வயரிலிருந்து எடுத்துக்கொள்ளும் கரண்ட் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியதுதான். அவ்வளவு சிறிய கரண்ட் துருவின் வழியாகவும், ஒரே ஓர் இழையில் தொங்கும் வயரின் வழியாகவும் தடையின்றிப் போய்விடும். 60 வாட் ஹெட்லைட்டோ 5 ஆம்பியர் கேட்கும். இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே ஏறக்குறைய 2 வோல்ட் அங்கே விழுந்துவிடும், வெளிச்சமும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “லோடு இல்லாமப் பாத்தா எல்லா வயரும் நல்ல வயருதான் தம்பி” என்றார். வேலை செய்யும் நேரத்தில் எங்கே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று மல்டிமீட்டராலும் அளக்கலாம் என்பது உண்மை. ஆனால் கொட்டும் மழையில் ஒற்றை ஆளாக நின்று இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு மீட்டரையும் பார்ப்பது பெரும்பாடு. ஒரு கையால் பார்க்க முடிவது மலையில் எனக்குப் பெரிய வசதி.

ஆனால் இதே பவர் புரோப்பால்தான் அதிகச் சேதமும் நேரும் என்பதை வாங்குபவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். சென்சார்களுக்குப் போகும் வயர்கள் பலவற்றில் 5 வோல்ட்தான் இருக்கும். அங்கே சுவிட்சை அழுத்தி 12 வோல்ட் கொடுத்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈசியூ பழுதாகிவிடலாம். காற்றுப்பையின் (ஏர்பேக்) வயர்களில், பெரும்பாலும் மஞ்சள் நிறக் கப்ளர்களோடு இருப்பவற்றில், முனையை வைக்கவே கூடாது. முனையின் ஊசியால் வயரின் உறையைக் குத்திப் பார்ப்பதிலும் நான் ஒரு பாடம் படித்தேன். பிக்கப்பின் பின்விளக்கு வயரை ஓர் ஆனியில் குத்திப் பார்த்து அப்படியே விட்டேன். மலையின் ஈரக் காற்று அந்தச் சிறு துளை வழியாக உள்ளே போய், தை மாதத்தில் உறையை அறுத்துப் பார்த்தபோது செம்பு பச்சைக் களிம்பேறிப் பொடியாக உதிர்ந்தது. அதன் பிறகு கப்ளரின் பின்புறம் வழியாக மெல்லிய முனையைச் செருகித்தான் பார்க்கிறேன். குத்தியே ஆக வேண்டிய இடத்தில் உடனே பசை தடவி மூடிவிடுகிறேன்.

இரண்டாவது, டிசி கிளாம்ப் மீட்டர். வயரைக் கழற்றாமல் அதைச் சுற்றிக் கவ்வி, உள்ளே ஓடும் பேட்டரி மின்சாரத்தை (டிசி) அளக்கும் கருவி இது. இதை வாங்கும்போது கவனம் தேவை, ஏனென்றால் குறைந்த விலையில் கிடைக்கும் கிளாம்ப் மீட்டர்களில் பல வீட்டு மின்சாரமான ஏசி கரண்ட்டை மட்டுமே அளப்பவை. வண்டிக்கு அவை உதவாது. 400 ஆம்பியர் வரை அளக்கும் என்ற எண்ணைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. பேட்டரி தானாக இறங்கும் பழுதைத் தேட 0.01 ஆம்பியரையாவது பிரித்துக் காட்டும் அளவு வரம்பு இருக்க வேண்டும். பூமியின் காந்தப்புலமே சிறிய அளவுகளில் காட்டும் எண்ணை மாற்றுமாதலால், அளக்கப்போகும் நிலையிலேயே மீட்டரைப் பிடித்துச் சுழியப் பொத்தானை அழுத்திவிட்டு, பிறகே வயரைச் சுற்றிக் கவ்வ வேண்டும்.

பிக்கப் மூன்று நாள் நின்றால் நான்காம் நாள் செல்ஃப் எடுக்காது. பேட்டரியின் மேல் பழி போட்டு மாற்றியும் பார்த்தாயிற்று. கதவைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்து கவ்விப் பார்த்தபோது 0.6 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு, 0.6 என்றால் ஒரு நாளைக்கு 14 ஆம்பியர்-மணியைவிடக் கூடுதலாகவும், மூன்று நாளில் 43 ஆம்பியர்-மணியும் பேட்டரியிலிருந்து வடிந்துவிடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மல்டிமீட்டரைத் தொடரில் போட்டும் இதைப் பார்க்கலாம். ஆனால் டெர்மினலைக் கழற்றிய மாத்திரத்தில் சில மின்னணுப் பெட்டிகள் மறுபடி தொடங்கிப் பழுதே மறைந்துவிடுவதுண்டு. யாராவது தெரியாமல் செல்ஃப் அடித்தால் மீட்டரின் 10 ஆம்பியர் ஃபியூஸும் போய்விடும். பிறகு ஒவ்வொரு ஃபியூஸின் இரு முனைகளுக்கும் நடுவில் மில்லிவோல்ட் அளந்தேன். எதில் எண் தெரிகிறதோ அதில்தான் கரண்ட் ஓடுகிறது. முந்தைய ஓட்டுநர் சாவியோடு சேராமல் நேரடியாக இழுத்திருந்த பாட்டுப் பெட்டியின் வயர் அகப்பட்டது.

வண்டியின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பற்றி என் கருத்து பாதி ஆதரவு, பாதி எச்சரிக்கை. இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் நான்கு சக்கர வண்டிகளுக்கு, பழுதை வண்டியே கண்டு குறியீடாகப் பதிவுசெய்யும் ஓபிடி-2 முறை நடைமுறைக்கு வந்ததால், அதற்குப் பிந்தைய கார்களில் இது பயன்படும். எங்கள் ஜீப்பில் செருகும் இடமே கிடையாது. கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்ட ஒரு நாள் பி0335 என்ற குறியீட்டைக் காட்டியது. எஞ்சின் தண்டின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் குறை என்பதே அதன் பொருள். சென்சாரே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, சேலத்துக்கு இறங்கிப் புதியதை வாங்கி மாட்டினேன்; நான்காம் நாள் அதே குறியீடு வந்தது. எஞ்சினை ஓடவிட்டு வயரை அங்குலம் அங்குலமாக அசைத்துப் பார்த்தபோது, ஒரு கிளிப்புக்கு அருகே உறைக்குள் இழை முறிந்திருந்தது. போனில் இணைக்கும் மலிவான கருவி எஞ்சின் குறியீடுகளை ஓரளவு படிக்கும். ஏபிஎஸ் பிரேக், காற்றுப்பை ஆகியவற்றையும் படிக்க வேண்டுமானால் விலை பல மடங்கு ஏறும்.

ஒலி எழுப்பி வயரைத் தேடும் டிரேசரை வாங்க வேண்டாம் என்பேன். இருபது வயர்கள் ஒன்றாகச் சுற்றப்பட்ட கட்டில், பக்கத்து வயர்களும் அதே ஒலியைக் கொடுக்கின்றன. வோல்ட் நொடிக்கு நொடி மாறுவதை வரைபடமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை நான் வாங்கவில்லை; ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்பட்டால் சேலத்துப் பணிமனைக்கே வண்டியைக் கொண்டுபோகிறேன்.

சேலம் நகருக்குள் அஸ்தம்பட்டியிலோ ஐந்து ரோட்டிலோ ஒரே கார் வைத்திருப்பவருக்கு எலக்ட்ரீஷியன் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். அவருக்கு மல்டிமீட்டரும் டெஸ்ட் லாம்பும் போதும். மலையில் இருப்பவர்களும், ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பார்த்துக்கொள்பவர்களும் பவர் புரோப்பையும் டிசி கிளாம்ப் மீட்டரையும் வாங்கலாம். லாரி வைத்திருப்பவர்கள் 24 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும். எங்கள் கருவிகள் ஜீப்பின் இருக்கைக்கு அடியில், ஈரம் புகாத டப்பாவில் இருக்கின்றன. மழைக்காலம் தொடங்கும் முன் ஹெட்லைட்டின் எர்த்தை ஒருமுறை அளந்துவிடுகிறேன். சென்ற முறை 0.08 வோல்ட் காட்டியது.