வாரண்டி முடிந்த பொருளுக்கு டர்பனில் யார் பொறுப்பு?

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்து வளர்ந்து, இப்போது சிங்கப்பூரில் வசிப்பவன். இம்முறை ஊருக்குச் சென்றிருந்தபோது, சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியம்மாவின் வீட்டில் ஒரு தொலைக்காட்சி, ஒரு மின்னணுச் சுருதிப்பெட்டி, அவருடைய பேரனின் கைப்பேசி ஆகிய மூன்றும் பழுதாகிக் கிடந்தன. மூன்றுக்குமே வாரண்டி முடிந்துவிட்டது. தொலைக்காட்சி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், அந்த மாடலுக்கு உதிரிகள் வருவதில்லை என்றும் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வதே நல்லது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்குச் சொல்லப்பட்ட இந்தப் பதிலை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எனவே, வாரண்டி முடிந்தபின் ஒரு பொருளுக்கு அங்கே என்ன வழி இருக்கிறது என்பதை நேரில் அறிந்துகொள்ள முயன்றேன்.

பக்கத்துத் தெருவில், தம் வீட்டுக் கார் கொட்டகையையே பட்டறையாக்கி, பல காலமாக இத்தொழிலைச் செய்துவரும் ஒருவரிடம் தொலைக்காட்சியைக் கொண்டுபோனோம். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை பிறந்தது. “அக்கா, படம் வரல, ஆனா சத்தம் வருது, இல்லையா?” என்றார். பெரியம்மா ஆமாம் என்றதும், கொட்டகையின் விளக்கை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியை இயக்கி, கைவிளக்கின் ஒளியைத் திரையின் மீது சாய்வாகப் பாய்ச்சினார். கருந்திரையில் மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தது. திரையும் மெயின் போர்டும் நன்றாகவே இருக்கின்றன, திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட் மட்டுமே செத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பல எல்.இ.டி. விளக்குகளைத் தொடராக இணைத்த பட்டைகள்தாம் இத்தகைய தொலைக்காட்சிகளின் பேக்லைட். தொடர் இணைப்பு என்பதால், ஒரேயொரு விளக்கு அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது பாயும் மிகையழுத்தமே காரணம் என்று பெரியம்மா நினைத்திருந்தார். 2023ஆம் ஆண்டின் கடும் மின்வெட்டுகளைக் கண்டவர்கள் அப்படி நினைப்பது இயல்பே. ஆனால் இந்தப் பழுதுக்குக் காரணம் வெப்பம் என்று பழுதுபார்ப்பவர் விளக்கினார். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக உச்சத்தில் வைக்கப்பட்ட ஒளியளவை வீட்டில் யாரும் குறைப்பதில்லை. அந்தச் சூட்டில் ஆண்டுக்கணக்கில் எரிந்த விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகின்றன. அதனால்தான் அறுந்த ஒரு விளக்கை மட்டும் மாற்றாமல், பட்டைகள் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்றார். பழைய பட்டைகளை விட்டுவைத்தால், அதே வேலைக்காகக் கண்ணாடித் திரையை இன்னொரு முறை தூக்க வேண்டியிருக்கும். அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்பு நாடாக்களில் ஒன்று கிழிந்தாலும் திரை போய்விடும். அவரும் இன்னொருவரும் இரு பக்கமும் பிடித்துத் திரையை எடுத்து மெத்தையின் மீது வைத்த பொறுமையை நான் அருகில் நின்று பார்த்தேன். வேலை முடிந்ததும் ஒளியளவைப் பாதிக்குச் சற்று மேலாகக் குறைத்து வைத்தார். மொத்தச் செலவு, அதே அளவுள்ள புதிய தொலைக்காட்சியின் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை.

தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதாவது 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம், இத்தகைய பழுதுபார்ப்பு வேலைகளையும் கட்டுப்படுத்துகிறது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியவில்லை. அதன் 57ஆம் பிரிவின்படி, பழுதுபார்ப்பவர் பொருத்தும் உதிரிக்கும் அதைப் பொருத்திய உழைப்புக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. உரிமையாளர் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் அது செல்லாது. கழற்றிய பாகங்களைத் தனியே வைத்திருந்து, உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லாதவரை, அவரிடமே திருப்பித் தர வேண்டும் என்கிறது 67ஆம் பிரிவு. மதிப்பீட்டுத் தொகையையும், அதைத் தாண்டும்போது மீண்டும் ஒப்புதல் பெறுவதையும் 15ஆம் பிரிவு பேசுகிறது. இந்தப் பாதுகாப்பு, நிறுவனத்தின் சேவை மையத்துக்கு மட்டும் உரியதன்று. கொட்டகையில் தொழில் செய்பவரிடம் போனாலும் உண்டு. எங்கள் தொழிலாளர் கழற்றிய பட்டைகளை நாங்கள் கேட்குமுன்பே ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். என்ன மாற்றினார், எந்தத் தேதியில் மாற்றினார் என்று ரசீதில் எழுதித் தரும்படி நான் கேட்டதையும் மறுக்கவில்லை. அந்தத் தேதி இல்லாவிட்டால் மூன்று மாதத்தைக் கணக்கிட வழியே இல்லை என்பதால், ரசீதைக் கேட்டு வாங்குவதைச் சங்கடமாக நினைக்க வேண்டாம் என்று உறவினர்களிடம் வற்புறுத்திச் சொன்னேன்.

கோயில் பஜனைக் குழுவுக்காக இந்தியாவிலிருந்து வரவழைத்த சுருதிப்பெட்டிக்குத் தென்னாப்பிரிக்காவில் சேவை மையமே இல்லை. சுருதியோடு ஒரு முனகல் கலந்து ஒலித்ததால் அதை மூலையில் வைத்துவிட்டிருந்தார்கள். உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர் காய்ந்து போயிருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்னாக மாற்றும்போது எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அதிர்வே முனகலாகக் கேட்டிருக்கிறது. சில ராண்டு விலையுள்ள ஒரு பாகத்தை மாற்றியதும் சுருதி சுத்தமாகிவிட்டது. பெரியம்மா அங்கேயே உட்கார்ந்து ஒரு வரி பாடிப் பார்த்தார்.

கைப்பேசியின் கதை வேறு. உடைந்த திரையை மாற்ற முடிந்தது. ஆனால் அந்த பாகம் நிறுவனத்துடையதா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற எச்சரிக்கை இப்போது அதில் தோன்றுகிறது. நிறுவனம் பாகத்தின் எண்ணைக் கைப்பேசியின் மெயின் போர்டோடு மென்பொருள் வழியாகப் பிணைத்துவிட்டால், எவ்வளவு திறமையுள்ள கையும் அங்கே நின்றுவிடுகிறது. இது திறமைக்குறைவால் வரும் தடை அல்ல, திட்டமிட்டு வைக்கப்பட்ட தடை என்பதால் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பழுதுபார்ப்பதை ஊக்குவிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு நெறிமுறையை உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் நடைமுறைப்படுத்த வேண்டும். தென்னாப்பிரிக்காவிலும் கார்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது: வாரண்டிக் காலத்திலேயே தனியார் பட்டறையை நாட இடம்தரும், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதே ஆணையம் கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் இதுபோன்ற வழிகாட்டுதல்களைக் கொண்டுவர வேண்டும் என்று அங்குள்ள நம் சங்கங்கள் எழுதிக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஊருக்குப் போகும்போது வெளிநாட்டிலிருந்து உதிரி வாங்கிப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பேக்லைட் பட்டைகள் தொலைக்காட்சியின் மாடல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கத் தக்கவை அல்ல. ஒரே மாடலுக்குள் வெவ்வேறு பேனல்கள், அதாவது திரைப் பகுதிகள், இருப்பதுண்டு. முதலில் அங்குள்ள தொழிலாளர் பின்மூடியைக் கழற்றி, உள்ளே பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பட்டும்; பட்டையின் நீளத்தையும் அதிலுள்ள விளக்குகளின் எண்ணிக்கையையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு, அதன்பின் கடைக்குப் போங்கள்.