99 ரூபாய் கார்டு ரீடரா, எஸ்.பி. ரோடு ரீடரா?

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் தள்ளுபடிக் கடையில் மெமரி கார்டு ரீடரை 99 ரூபாய்க்கு வாங்கினேன். இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விசாரித்து வாங்கிய இன்னொன்று 450 ஆனது. கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுக்கப் போகிறவன் நான். அதனால் இரண்டுக்குமே வேலை இருந்தது.

முதலில் வேகம். மலிவு ரீடர் யுஎஸ்பி 2.0, அதாவது பழைய, மெதுவான வகை இணைப்பு. கணக்குப்படி நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். என் லேப்டாப்பில் 30 வந்தாலே பெரிது. நிறைந்த 64 ஜிபி கார்டை இறக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எஸ்.பி. ரோடு ரீடர் அதைவிட வேகமான யுஎஸ்பி 3.0 என்பதால் அதே கார்டு பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடத்தில் இறங்கிவிடும். பந்தி முடிவதற்குள் பெண் வீட்டாருக்குப் பத்துப் படம் அனுப்பிவிடலாம்.

ரீடரின் யுஎஸ்பி முனைக்குள்ளே நீல நிற பிளாஸ்டிக் இருந்தால் 3.0 என்று நம்பிவிடாதீர்கள். வெறும் நீலத்தை மட்டும் வைத்தும் விற்கிறார்கள். அந்த முனையில் இருக்கும் உலோகப் பின்களை எண்ணுங்கள். 2.0 என்றால் நான்கு, 3.0 என்றால் அவற்றுக்குப் பின்னால் இன்னும் ஐந்து இருக்கும்.

ஆனால் நான் மலிவு ரீடரை வேலைக்கு எடுத்துப்போவதை நிறுத்தியது வேகத்துக்காக இல்லை. அதில் கார்டு செருகும் வாய் தளர்வானது. ஒரு வளைகாப்பு வீட்டில் பாதிப் படம் ஏறும்போது மேசை லேசாக அசைந்தது, அவ்வளவுதான், இணைப்பு அறுந்துபோனது. மறுபடி செருகினால் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கிறது. வயிற்றைக் கலக்கிவிட்டது. நல்லவேளை, எதையும் அழுத்தாமல் கார்டை உருவி, வீட்டுக்கு வந்து மற்ற ரீடரில் போட்டேன். எல்லாப் படமும் இருந்தது. உங்களுக்கும் அப்படிக் கேட்டால் ‘வேண்டாம்’ கொடுத்துவிட்டு வேறு ரீடரில் பாருங்கள். கட் செய்து ஒட்டவே கூடாது. காப்பி செய்து, படங்களைத் திறந்து பார்த்து, அப்புறம் கார்டைக் காலி செய்யுங்கள்.

இன்னொரு தொல்லை, பூட்டு. எஸ்டி கார்டின் ஓரத்தில் இருக்கும் குட்டித் தள்ளி கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, எழுதாமல் நிறுத்துவது ரீடர்தான். மலிவு ரீடரில் அந்தத் தொடுமுனை சரியாக உட்காராவிட்டால், திறந்திருக்கும் கார்டையும் பூட்டியிருக்கிறது என்றே சொல்லும்.

சரி, 99 ரூபாய் ரீடர் வீணா? இல்லை. அம்மாவின் மைக்ரோ எஸ்டியில் பக்திப் பாட்டு ஏற்ற அது தாராளமாகப் போதும். பிரிண்ட் போடும் கடையில் கொடுத்து மறந்துவிட்டாலும் மனசு தாங்கும்.

எதிர்ப்பக்கம், ஆயிரக்கணக்கில் கொடுத்து யுஎச்எஸ்-2 என்ற அதிவேகக் கார்டுகளுக்கான ரீடர் வாங்கவும் அவசரப்பட வேண்டாம். உங்கள் கார்டின் முதுகில் இரண்டு வரிசைத் தகடு இருந்தால்தான் அதற்குப் பலன். ஒரே வரிசை என்றால் அந்த இணைப்பின் உச்சமே நொடிக்கு 104 மெகாபைட்.

எஸ்.பி. ரோட்டுக்குப் போகும்போது லேப்டாப்பையும் கார்டையும் கூடவே கொண்டுபோங்கள். “அண்ணா, ஒரு தடவை போட்டுப் பாக்கலாமா?” என்று கேளுங்கள். 3.0 போர்ட்டில் செருகி ஒரு ஜிபி வீடியோவைக் காப்பி செய்யுங்கள். நல்ல கார்டில் பத்துப் பன்னிரண்டு நொடிதான் ஆக வேண்டும். அரை நிமிடம் தாண்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.