பானையா, பெட்டியா? எந்தத் தேனீ?

இயற்கை முறையில் தேனீ வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் எந்தத் தேனீ என்று கேட்பேன்.

இத்தாலியத் தேனீ சில மடங்கு கூடுதலாகத் தேன் தரும், உண்மைதான். ஆனால் தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வர்ரோவா உண்ணி நம் நாட்டு அடுக்குத் தேனீயோடு காலகாலமாக வாழ்ந்து வந்தது. அதனால் நம் தேனீ ஒன்றையொன்று துப்புரவு செய்து உண்ணியைக் கடித்து எடுத்துவிடும். உண்ணியும் பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளில் மட்டும்தான் பெருகும். இத்தாலியத் தேனீயிடம் அது வேலைக்காரத் தேனீக்களின் அறைகளுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. மருந்து வைக்காமல் அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றுவது புதியவர்களால் ஆகிற காரியமில்லை.

சரி, நாட்டுத் தேனீ என்று முடிவாயிற்று. மண்பானையில் வைக்கலாமா? செலவு குறைவு, உள்ளே குளுமை, தேனடையும் தேனீயின் இஷ்டப்படி. ஆனால் அடை பானையோடு ஒட்டியிருக்கும். தேன் வேண்டுமென்றால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பிழிந்த அடையில் வெள்ளை வெள்ளையாகத் தேனீக் குஞ்சுப் புழுக்கள் கிடப்பதை ஒருமுறை பார்த்தேன்; அதற்கப்புறம் பானையில் தேன் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிரிந்து வரும் கூட்டத்தைப் பிடிக்க மட்டும் உள்ளே மெழுகு தடவி மரத்தடியில் வைக்கிறேன்.

என் தேர்வு நியூட்டன் பெட்டி. 1910களில் பாதிரியார் நியூட்டன் நம் தேனீயின் அளவுக்கென்றே வடிவமைத்தது. கீழே அடை கட்டுவதற்கான 7 மரச் சட்டங்கள் கொண்ட புழு அறை, மேலே தேன் அறை. அடைக்கு அடித்தளமாக வைக்கும் முழு மெழுகுத் தாளை ஒட்டாமல், சட்டத்தின் மேல் கட்டையில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் ஒட்டுகிறேன். மிச்ச அடையைத் தேனீக்களே இழுத்துக் கட்டிக்கொள்கின்றன. புது அடை மென்மையானது, சுற்றும்போது உடையும். தேன் எடுக்கும் இயந்திரத்தை மெதுவாகச் சுற்ற வேண்டும்.

சட்டத்தைத் தூக்கிப் பார்க்க முடிவதுதான் இதன் பெரிய லாபம். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் காலியாயிற்று. நோய் கண்ட புழு தலையைத் தூக்கிப் படகு போல மல்லாந்து கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் நீர்ப்பையாக வரும். இதற்கு மருந்து கிடையாது. இரண்டு வாரம் ராணியை அடைத்து வைத்து முட்டையிடுவதை நிறுத்தலாம், தப்பிப் பிழைத்த கூட்டத்திலிருந்து அடுத்த ராணியை எடுக்கலாம். பானையில் இந்த நோய் வந்ததே தெரியாது.

தேனீக்குச் சீனிப் பாகு வைக்கவே கூடாது என்கிற இயற்கை முறைக்காரர்கள் பலரோடுதான் எனக்கு உடன்பாடில்லை. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரை தேன் கொட்டும், மழைக்காலத்தில் தேன் வறட்சி. புழு அறைத் தேனில் நான் கை வைப்பதில்லை, மேலறையிலும் கடைசிச் சுற்றுத் தேனை அப்படியே விட்டுவிடுகிறேன். அப்படியும் ஆடி மழையில் பெட்டி லேசாகிவிட்டால் தயங்காமல் பாகு வைப்பேன். பட்டினி கிடக்கும் நாட்டுத் தேனீ பெட்டியைவிட்டு ஒரே நாளில் ஓடிவிடும்.