யூகேட் தயாரிப்பில் 11 மாதம்: காசு எங்கே போனது, மதிப்பெண் எங்கிருந்து வந்தது

யூகேட் என்பது மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடுகிறவர்கள் எழுதும் நுழைவுத் தேர்வு. அதை எழுதியது தம்பி, பணம் கட்டியது நான். அதனால் இதை எழுதுகிற உரிமை எனக்கும் கொஞ்சம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் எடை மேடைக் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்கிறேன். அம்மா தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். தம்பி ஆறாம் படிவத்தில் சேர்ந்த கையோடு, சிங்கப்பூரில் மருத்துவத்துக்கு மனுப் போடப் போவதாகச் சொன்னான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சரி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சரி, யூகேட் மதிப்பெண் கேட்கின்றன. நன்யாங் முன்பு கேட்ட பிமேட் என்ற இன்னொரு மருத்துவ நுழைவுத் தேர்வு 2023ஓடு நின்றுவிட்டது. பிரிட்டனில் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கேட்பதும் யூகேட்தான். யூபியூ என்ற பொது விண்ணப்ப முறை வழியாக உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் மனுப் போடுகிறவர்களுக்கு இது வேண்டியதே இல்லை. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு அம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று மகளை இதற்குப் பதியப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

2025ல் கட்டணம் பிரிட்டனுக்குள் 70 பவுண்டு, வெளியே எழுதுகிறவர்களுக்கு 115 பவுண்டாக இருந்தது. நாங்கள் கட்டிய அன்று ஏறக்குறைய 650 ரிங்கிட் வந்தது. வருடத்துக்கு ஒரு முறைதான் எழுதலாம், ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில். மதிப்பெண் அந்த வருட மனுக்களுக்கு மட்டும்தான் செல்லும். சொதப்பினால் அடுத்த வருடம் மறுபடி 115 பவுண்டு. இந்தப் பயத்தில்தான் 2024 செப்டம்பரில், தேர்வுக்கு இன்னும் 11 மாதம் இருக்கும்போதே, இணையத்தில் ஒரு கேள்வி வங்கிக்குச் சந்தா கட்டினேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஆயிரக்கணக்கான கேள்விகள், முன்னேற்ற வரைபடம், பச்சை சிவப்பு வட்டங்கள் என்று பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்த அழகில் முதல் மூன்று மாதம் போனதே தெரியவில்லை. அப்போது யூகேட்டில் உருவங்களை வைத்து ஒரு பகுதி இருந்தது. முக்கோணமும் வட்டமும் அம்புக்குறியுமாக 50 கேள்வி, நேரம் 12 நிமிடம். தம்பிக்கு அதில் தனி ருசி. மொழி தேவையில்லை, கண் இருந்தால் போதும். தினமும் பள்ளி முடிந்து வந்து, பசியாறிவிட்டு அதில்தான் உட்காருவான். நோட்டுப் புத்தகத்தில் 40 பக்கத்துக்குமேல் உருவங்கள் வரைந்து வைத்திருந்தான். டிசம்பர் விடுமுறையில் ஏதோ தேடப் போய் அதிகாரப்பூர்வ யூகேட் தளத்தைத் திறந்தபோதுதான், 2025லிருந்து அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. மொத்த மதிப்பெண்ணும் 3600லிருந்து 2700 ஆகிவிட்டது. கேள்வி வங்கிக்காரர்களோ அதன் பிறகும் சில வாரம் உருவப் பகுதியைச் சேர்த்தே அவனுக்கு மொத்தம் போட்டுக் காட்டினார்கள். எழுதிக் கேட்டதற்கு, எங்கள் அனுபவத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் இலவசமாகக் கிடக்கிற அதிகாரப்பூர்வத் தளத்தை மூன்று மாதம் திறந்தே பார்க்காதது எங்கள் தப்பு, அதை யார் மேலும் போட முடியாது.

இப்போது மிச்சமிருப்பது நாலு பகுதி. வாசித்துப் புரிந்துகொள்வது, முடிவெடுப்பது, கணக்கு ஆகிய மூன்றுக்கும் தலா 300லிருந்து 900 வரை மதிப்பெண். நாலாவது சூழ்நிலைத் தீர்ப்பு, அதற்கு எண் கிடையாது, நாலு தரம்தான். எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அவனைப் படுத்தி எடுத்தது வாசிப்புப் பகுதிதான். 44 கேள்வி, 22 நிமிடம். பொதுவாகவே எல்லோரும் குறைவாக வாங்குகிற பகுதி அது என்று வருடாவருடம் வெளியிடும் சராசரியே சொல்கிறது. இவன் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாயில் தேர்வு எழுதி வந்தவன், ஆங்கிலத்தை நின்று நிதானமாக வாசிக்கிற ஆள். முதலில் ஆங்கிலம்தான் குறை என்று நானும் நினைத்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்னவென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிபட்டது.

கேள்வி வங்கியில் சலித்துப் போய் நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். 1877ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, அவற்றில் ஒன்பது எங்கள் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நடப்பட்டன, அவ்வளவுதான் பத்தி. கீழே இரண்டு கூற்று. பாதிக்கு மேல் கோலகங்சாருக்கு வந்தது என்பதற்குத் 'தவறு' என்று உடனே போட்டான், சரி. மற்ற 13 கன்றும் சிங்கப்பூரிலேயே நடப்பட்டன என்பதற்கு, 'சரி' என்று போட்டான்.

"பத்தியில எங்கடா இருக்கு?"

"22ல 9 போனா 13தானேக்கா. வேற எங்க போகும்?"

"செத்துப் போயிருக்கலாம். வேற ஊருக்குப் போயிருக்கலாம். பத்தி சொல்லலையே."

அந்த மூன்றாவது விடை, 'சொல்ல முடியாது' என்பது, அவன் கண்ணிலேயே படுவதில்லை. பள்ளியில் 12 வருடம் தெரிந்ததை எழுது என்றுதான் பழக்கியிருக்கிறார்கள். இங்கே தெரிந்ததை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற அந்தப் பழைய ரப்பர் மரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் போய்த் தொட்டுப் பார்த்தவன் இவன். அதுவே இடைஞ்சலாகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். காட்ட முடியாவிட்டால் மூன்றாவது விடை. முதல் இரண்டு மாதம் வேகம் குறைந்துதான் போனது, அப்புறம் தானாக ஏறியது.

கணக்குப் பகுதி 36 கேள்வி, 26 நிமிடம். கணக்கு எளிதுதான், கால்குலேட்டர்தான் நேரத்தைத் தின்னும். திரையில் ஒரு சின்னக் கால்குலேட்டர் வரும், எலியை (மவுஸை) வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டினால் கதை முடிந்தது. தம்பியின் மடிக்கணினியில் எண் பலகை கிடையாது. 25 ரிங்கிட்டுக்குத் தனி எண் பலகை ஒன்றும் எலி ஒன்றும் வாங்கினேன். 11 மாதத்தில் நான் போட்ட காசிலேயே உருப்படியான காசு அதுதான். எலி எதற்கு என்றால், முடிவெடுக்கும் பகுதியில் 'ஆம்', 'இல்லை' பெட்டிகளை இழுத்துப் போடுகிற கேள்விகள் வரும், மடிக்கணினியின் தடவு பலகையில் பழகியவனுக்குத் தேர்வு மையத்தில் கை ஓடாது.

இந்தப் பகுதியில் என் வேலை உதவியது. எடைச் சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். லோரி பழத்தோடு 14,860 கிலோ, காலியாக 5,240 கிலோ, எண்ணெய் 20 விழுக்காடு என்றால் எவ்வளவு எண்ணெய்? விடைகளாக 1,924, 2,972, 1,048 மூன்றையும் எழுதி வைப்பேன். 2,972 என்பது லோரியையும் சேர்த்துப் பிழிந்தால் வருவது, 1,048 பழத்தை விட்டுவிட்டு வெறும் லோரியைப் பிழிந்தால் வருவது. யூகேட்டிலும் தப்பு விடைகள் இப்படித்தான் வேண்டுமென்றே செய்து வைக்கப்பட்டிருக்கும். கணக்குப் போட்டு வந்த எண் அங்கே இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அழுத்திவிட்டுப் போகக் கூடாது. எதன் 20 விழுக்காடு என்று கேட்டுவிட்டுத்தான் எண் பலகையைத் தொட வேண்டும்.

முடிவெடுக்கும் பகுதியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 35 கேள்வி, 37 நிமிடம், அவனுக்கு அது இயல்பாக வந்தது. வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் படங்களை மட்டும் கையால் வரைந்து பழகினான்.

சூழ்நிலைத் தீர்ப்பைத்தான் எல்லோரும் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைக்கிறார்கள். எண் இல்லையே என்ற அலட்சியம். எனக்கு அதுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உண்மையாகக் கஷ்டமான பகுதி என்று படுகிறது. 26 நிமிடத்தில் 69 கேள்வி. ஒரு சூழ்நிலை சொல்லி, இந்தச் செயல் மிகப் பொருத்தமா, பொருத்தம்தான் ஆனால் சிறப்பில்லையா, பொருத்தமில்லை ஆனால் படுமோசமில்லையா, சற்றும் பொருத்தமில்லையா என்று கேட்பார்கள். ஒன்றில் பெரிய டாக்டர் கை கழுவாமல் நோயாளியைத் தொடப் போகிறார், கூட நிற்கிற மாணவன் என்ன செய்யலாம்? சும்மா இருப்பது பொருத்தம்தான் என்று போட்டிருந்தான் தம்பி.

"அவர் எவ்வளவு பெரியவர்க்கா. நான் ஸ்டூடண்ட். எப்படிப் போய்ச் சொல்றது?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தாத்தா காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) எந்தப் பாட்டிலில் இருந்து எதை ஊற்றிக் கொடுத்தாலும் வாங்கிக் குடித்துவிட்டு "நல்லதுங்கய்யா" என்று திரும்ப வேண்டும். அந்தப் பணிவு இன்னும் வீட்டில் இருக்கிறது, அதை நல்ல வளர்ப்பு என்றும் சொல்லிக்கொள்கிறோம். தளத்தில் உள்ள விளக்கங்களையும், பிரிட்டன் பொது மருத்துவ மன்றம் மருத்துவர்களுக்கு வெளியிட்டிருக்கும் நடைமுறை வழிகாட்டியையும் இருவரும் சேர்ந்து வாசித்தோம். இரண்டும் இலவசம். நோயாளிக்குத் தீங்கு வரும் என்றால் வாய் திறந்தாக வேண்டும் என்பது அதில் தெளிவாக இருந்தது. ஆனாலும் அவனுக்கு உள்ளே இறங்கவில்லை. மாறி மறுபக்கம் போய், டாக்டர் மேல் உடனே மேலிடத்தில் புகார் கொடுப்பதை மிகப் பொருத்தம் என்று போட ஆரம்பித்தான்.

அம்மாதான் தீர்த்து வைத்தார், அவருக்கே தெரியாமல். ஒரு சாயந்தரம் விருந்தாளிகள் இருக்கும்போது தாத்தா பிரஷர் மாத்திரையை இரண்டாம் தடவை எடுக்கப் போனார். அம்மா எல்லோர் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா, இந்த மைலோ டின் திறக்க மாட்டேங்குது, கொஞ்சம் வாங்களேன்" என்று அடுப்படிக்குக் கூட்டிப் போய், மாத்திரையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, காலையிலேயே போட்டாச்சு என்று மெதுவாகச் சொன்னார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். உடனே, தனியாக, மரியாதையாக, சம்பந்தப்பட்டவரிடமே. அதற்குப் பிறகு அந்த மாதிரிக் கேள்விகளுக்கு "மைலோ டின்" என்றுதான் எங்கள் வீட்டில் பெயர்.

கேள்வி வங்கிக்குத் திரும்பி வருகிறேன். மொத்தமாகத் திட்ட மாட்டேன். நேரம் வைத்துப் பழக, எண்ணிக்கைக்கு அது உதவியது. ஆனால் வாசிப்புப் பகுதியில் சில விடைகளே தப்பு, நாங்கள் இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் வங்கிதான் தப்பு என்று கண்டுபிடித்த நாள்களும் உண்டு. மார்ச்சில் சந்தா தானாகவே புதுப்பித்துக்கொண்டு என் கார்டிலிருந்து பணம் எடுத்தது, பாதிதான் திரும்பக் கிடைத்தது. மழை பெய்தால் எங்கள் பக்கம் இணைய லைன் போய்விடும், மாதிரித் தேர்வு நடுவில் நின்று போகும், அது அவர்கள் தப்பில்லை. மறுபடி செய்வதாக இருந்தால் முதலில் அதிகாரப்பூர்வத் தளத்தின் இலவசக் கேள்விகள், கடைசி இரண்டு மாதத்துக்கு மட்டும் சந்தா. அந்தத் தளத்தின் முழு மாதிரித் தேர்வுகளைக் கடைசி மூன்று வாரத்துக்குப் பத்திரமாக வைத்திருப்பேன். திரை, கால்குலேட்டர், கேள்வியின் கனம் எல்லாம் உண்மைத் தேர்வுக்கு மிகவும் கிட்ட இருப்பது அதுதான். 11 மாதமும் தேவையில்லை. ஏப்ரலுக்குப் பிறகு அவன் சலித்துப் போய், இரண்டு வாரம் தொடவே இல்லை. திரும்பி வந்தபோது மதிப்பெண் ஒன்றும் குறையவில்லை.

பதிவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது, நடுவில் இன்னார் மகன், இன்னார் மகள் என்பதற்கான அ/லெ, அ/பெ வேறு. படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கும். பதிவில் உள்ள பெயர் தேர்வன்று காட்டும் அடையாள ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும். நாங்கள் முதலில் தப்பாகப் போட்டு, எழுதித் திருத்தி வாங்கினோம். நாள் நெருங்கி இதைச் செய்யாதீர்கள்.

ஆகஸ்டில் கோலாலம்பூரில் தேர்வு. முதல் நாளே ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயில் பிடித்துப் போய், செந்தூலில் சின்னம்மா வீட்டில் தங்கினோம். மையத்தில் பாக்கெட்டைக் காலி செய்யச் சொல்லி, பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையும் ஒரு பேனாவும் கொடுத்தார்களாம். அழிக்க முடியாத பேனாவில் வீட்டில் எழுதிப் பார்க்கவில்லை, எழுத்து தடித்து இடம் பற்றவில்லை என்றான். தப்பு விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால், வாசிப்பில் கடைசி ஐந்து கேள்விக்கு வாசிக்காமலே ஒரே விடையை அழுத்திவிட்டு வந்திருக்கிறான்.

மாற்றிய அமைப்பில் ஜனவரியில் எழுதிய முதல் முழு மாதிரித் தேர்வில் 1,540. உண்மைத் தேர்வில் 2,090, சூழ்நிலைத் தீர்ப்பில் இரண்டாம் தரம். வாசிப்புதான் அப்போதும் ஆகக் குறைவு. இனி ஆறாம் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் முடிவு, அப்புறம் நேர்முகம் கூப்பிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

போன வாரம் பக்கத்துத் தாமானில் இருந்து ஒரு பிள்ளை வந்து, அடுத்த வருடம் எழுதப் போவதாகச் சொல்லி நோட்டுப் புத்தகத்தைக் கேட்டது. எண் பலகையையும் சேர்த்துக் கொடுத்தேன். உருவங்கள் வரைந்த பக்கங்களை மட்டும் ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டேன்.