கோஹாவை மாற்றினோம்: புதுப் பெயர் வைப்பதா, பிளக்இன்னோடு நிற்பதா?

எங்கள் கல்லூரி நூலகத்தில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் ஓடுகிறது. தேடல் பக்கம், உறுப்பினர் படிவம், அறிக்கைகள் எனப் பலவற்றையும் மாற்றி முடித்ததும் நிர்வாகத்தில் கேட்டார்கள்: "இவ்வளவு மாத்தியாச்சே சார், நம்ம காலேஜ் பேரையே வெச்சிடலாமே?"

உரிமம் அதைத் தடுக்கவில்லை. கோஹா வருவது ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில். பெயரை மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். பழைய பதிப்புரிமைக் குறிப்புகளை அழிக்காமல், நாம் மாற்றியதைத் தேதியோடு சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

என்னை நிறுத்தியது பராமரிப்பு. கோஹாவுக்கு மே, நவம்பரில் புதிய பதிப்பு வரும். இடையே மாதாமாதம் திருத்த வெளியீடு. முதல் வருடம் கோஹாவின் பக்கங்களை அமைக்கும் டெம்ப்ளேட் கோப்புகளிலேயே நேரடியாகக் கை வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அப்டேட் போட்டேன். திங்கள் காலை புது மாணவி ஒருவரைப் பதிவு செய்ய உட்கார்ந்தால், படிவத்தில் நான் சேர்த்திருந்த 'பிரிவு' பெட்டியைக் காணோம். பதினான்கு கோப்புகளையும் வரிவரியாக ஒப்பிட்டு மறுபடி சேர்க்க இரண்டு நாள் ஆனது. தனிப் பெயரில் கிளை பிரித்தால், அதாவது நிரலை எடுத்துத் தனி மென்பொருளாக நாமே வளர்த்தால், இந்த வேலை ஒவ்வொரு மாதமும் நம் தலையில்தான். விட்டுவிட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். உள்ளே இருப்பதோ மாணவர்களின் முகவரியும் செல்போன் எண்ணும்.

அதனால் கோஹாவின் கோப்புகளைத் தொடாத இரண்டாவது வழிக்கு வந்தேன். 'பிரிவு' இப்போது கோஹாவே தரும் கூடுதல் உறுப்பினர் பண்பு. தோற்ற மாற்றங்கள் அமைப்புகளில் உள்ள சிஎஸ்எஸ் பெட்டியில். அறிக்கைகள் தனி பிளக்இன், அதாவது கோஹாவோடு வெளியிலிருந்து இணைக்கும் துணை நிரல். அப்டேட் அரை மணியில் முடிகிறது.

எத்தனை வரி மாற்றினோம் என்பது பெயரைத் தீர்மானிப்பதில்லை. லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியன் 2006இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் செய்த மாற்றங்கள் பெரியவை அல்ல. ஃபயர்ஃபாக்ஸை வெளியிடும் மொசில்லாவின் வணிகமுத்திரை விதிகளால் 'ஐஸ்வீசல்' என்று பெயர் மாற்ற நேர்ந்தது, 2016இல் பழைய பெயருக்கே திரும்பியது. 2010இல் ஓபன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து கிளை பிரிந்த லிப்ரேஆபிஸுக்கோ, தொடர்ந்து உழைக்க ஆட்கள் இருந்தார்கள். எங்களிடம் இருப்பது நான் ஒருவன்.

பல கல்லூரிகள் சேர்ந்து இரண்டு நிரலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தால் கிளை பிரிப்பது சரியாக வரலாம். நான் அதைச் செய்து பார்த்ததில்லை.

பிளக்இன் முழுக்க நாங்கள் எழுதியது; அதற்குக் கல்லூரியின் பெயர்தான். தேடல் பக்கத்தின் அடியில் 'கோஹா' என்றே இருக்கிறது.