காரைக்குடி கெம்புப் பதக்கம்: கைவேலை அருமை, கல்லுக்குச் சான்று கேளுங்கள்

செட்டிநாட்டு வீட்டு நிலைவாசலில் தேக்கில் செதுக்கியிருக்கும் கஜலட்சுமிதான் இந்தப் பதக்கத்தின் நடுவிலும் அமர்ந்திருக்கிறாள். இரு பக்கமும் துதிக்கை தூக்கிய யானை, கீழே கெம்பு (மாணிக்கக் கல்) பதித்த தாமரை, ஓரங்களில் எதிரெதிரே அன்னம். காரைக்குடிப் பட்டறை ஒன்று 22 காரட்டில், ஆர்டரின் பேரில் செய்து தருகிறது. அச்சில் அடித்த வேலை அல்ல. யானையின் காது மடிப்பு வரை உளி பேசுகிறது. அன்னத்தின் அலகு மட்டும் கூர்மை அதிகம், பட்டுச்சேலை நூலை இழுக்கும். நுனியை மழுக்கித் தரச் சொல்லுங்கள்.

கல் கட்டியிருப்பது பழைய முறை. குழிக்குள் அரக்கு, அதன் மேல் பளபளப்பான தகடு, மேலே கல், சுற்றிலும் சொக்கத்தங்கத் தகட்டை அழுத்திப் பூட்டியிருக்கிறார்கள். அடித்தகடு ஒளியைத் திருப்பி விடுவதால் வெளிறிய கெம்பும் செக்கச்செவேல் என்று தெரியும். தண்ணீர் உள்ளே இறங்கினால் அதே தகடு கறுத்து, கல் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். அதனால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

எடையில் கவனம் தேவை. மொத்தம் 42 கிராம். கல் 35 காரட், அதாவது 7 கிராம். உள்ளே அரக்கு 3 கிராம். தங்கம் 32 கிராம், சரியாக 4 சவரன். கல்லை மட்டும் கழித்துவிட்டு அரக்கை விட்டுவிட்டால் 3 கிராம் அரக்குக்குத் தங்க விலை போகும். இரண்டையும் பில்லில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இப்படிச் சொக்கத்தங்கத் தகட்டால் கல் கட்டும் குந்தன் வகை நகைக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு உண்டு என்பதால், தங்கத்தின் தரத்தை அளக்கும் காரட் மீட்டரில் வைத்துப் பார்ப்பது நல்லது. முன்பக்கம் சொக்கத்தங்கத் தகடு இருப்பதால் அங்கே அளவு கூடுதலாகக் காட்டும். பின்தகட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் குறை கல்லின் ஊர் பற்றியது. "எல்லாம் பர்மா கெம்பு" என்கிறார்கள். பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் குடும்பங்களின் பழைய நகைகளில் அந்நாட்டு மொகோக் பகுதிக் கெம்பு இருப்பது இயல்பு. புதுக் கல்லுக்கு அந்தப் பெருமை தானாக வந்துவிடாது. இன்று சந்தையில் மொசாம்பிக் கெம்பு நிறைய. அந்நாட்டின் மோன்டேபுயெஸ் பகுதியில் 2009இல்தான் அந்தக் கெம்புப் படிவு கிடைத்தது. மொகோக் கெம்பு பளிங்குப் பாறையில் விளைவது, இரும்புச் சத்து குறைவு. அதனால் புற ஊதா விளக்கில் நெருப்பாய்ச் சிவக்கும். மொசாம்பிக் கல் பெரும்பாலும் அவ்வளவு சிவக்காது. ஆனால் உலையில் உருக்கி வளர்த்த செயற்கைக் கெம்பும் நன்றாகவே சிவக்கும் என்பதால் விளக்கை மட்டும் நம்ப முடியாது. பத்து மடங்கு லென்ஸில் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது செயற்கைக் கல்.

அன்னத்தின் சிறகில் உள்ள சிறு கற்களைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே நீலப் பளிச்சிடல் தெரிகிறது. விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பிய கெம்பு அது. புளி, எலுமிச்சை பட்டால் கண்ணாடி அரிக்கும். பழுது பார்க்கும்போது ஆசாரியின் ஊதுகுழல் சூடு பட்டாலும் கெடும். இயற்கைக் கெம்பின் விலைக்கு இதைத் தருவது நியாயமே இல்லை.

தொங்கும் முத்தை மன்னார் வளைகுடா முத்து என்பதையும் ஏற்க வேண்டாம். தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இவை நன்னீர் முத்து. அழகாகவே இருக்கின்றன, விலைதான் வேறு.

மூடிய கட்டுக்குள் போன கல்லை ஆய்வகத்தில் முழுமையாகப் பார்க்க முடியாது. தாமரை நடுவில் வரும் பெரிய கெம்பைக் கட்டுவதற்கு முன்பே தேர்ந்தெடுத்து, ஆய்வுக்கு அனுப்பி, சான்று வந்த பிறகு கட்டச் சொல்லுங்கள். பட்டறை இதற்கு ஒப்புக்கொள்கிறது, கூடுதல் நாள் மட்டும் கேட்கிறது. செய்கூலி இந்தக் கைவேலைக்குத் தகும். சிறகுக் கற்களை மாற்றித் தரச் சம்மதித்தால் தாராளமாக வாங்கலாம். இல்லையென்றால் அவற்றை "கண்ணாடி நிரப்பிய கெம்பு" என்று பில்லில் எழுதி, அதற்கேற்ற விலை போடச் சொல்லுங்கள்.